வேர் எங்கே வளர்கிறது?

மொச்சையோ பட்டாணியோ, சற்றுப் பெரிய விதைகளாக நாலைந்து எடுத்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். சில நாளில் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளையாக ஒரு வேர் நீண்டு வரும். அது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும், நுனியில் தொடங்கி மேல்நோக்கி, மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கருப்பு மையில் பத்துப் பதினைந்து கோடுகள் போடுங்கள். நூலை மையில் தொட்டு ஒற்றினால் வேர் நசுங்காது. நுனி கீழே பார்க்கும்படி விதையை ஈரப் பஞ்சில் நிறுத்தி, மூடிய ஜாடிக்குள் வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள்.

வேர் கணிசமாக நீண்டிருக்கும். ஆனால் மேலே போட்ட கோடுகளில் ஒரு மாற்றமும் இருக்காது. முதல் நாள் இருந்த அதே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அப்படியே நிற்கும். நுனியை ஒட்டிப் போட்ட சில கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுவாக விலகி, மை இழுபட்டு மங்கிப் போயிருக்கும். ஆக, ஒரு நாளில் கூடிய நீளம் முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டரிலிருந்து வந்ததுதான். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இப்படி மைக்கோடு போட்டுத்தான் வேரின் வளர்ச்சியை அளந்தார். நுண்ணோக்கி கூடத் தேவைப்படாத சோதனை.

வேர்களைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஆணிவேர், சல்லிவேர் என்ற பிரிவில்தான் தொடங்கும். அதில் தவறில்லை; நாமும் அதற்கு வருவோம். ஆனால் இந்த மைக்கோட்டிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும் என்பது என் எண்ணம். பிடுங்கி நட்ட நாற்று ஏன் வாடுகிறது, பெரிய மரத்தின் அடியில் குடம் குடமாக ஊற்றினாலும் ஏன் பெரிதாகப் பயனில்லை, தண்ணீர் தேங்கிய இடத்தில் நிற்கும் செடி தண்ணீரே காணாததுபோல ஏன் துவள்கிறது? இந்தக் கேள்விகள் எல்லாமே நுனியிலும் அதை ஒட்டிய சிறு பகுதியிலும்தான் வந்து முடிகின்றன.

வேர் ஏன் நுனியில் மட்டும் நீள வேண்டும்? மண்ணை நினைத்துப் பாருங்கள். வேரின் உடல் முழுவதும் நீண்டுகொண்டே போனால், அதன் ஒவ்வொரு பகுதியும் மண்துகள்களோடு உரசிக்கொண்டே கீழே நகர வேண்டியிருக்கும். தோல் கிழிந்துவிடும், பக்கவேர்கள் அறுந்துவிடும். நுனி மட்டும் நீண்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஏற்கெனவே வளர்ந்த பகுதி மண்ணைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். அதில் ஊன்றிக்கொண்டு நுனி முன்னே போகும். நாம் "வேர் மண்ணுக்குள் போகிறது" என்று சொல்கிறோமே, உண்மையில் போவது நுனிதான்.

நுனிக்குள் என்ன இருக்கிறது

வேரின் முனையை நெடுக்குவாக்கில் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், முதலில் கண்ணில் படுவது வேர்மூடி. நுனியைப் போர்த்தியிருக்கும் சிறு செல்கூட்டம். மண்ணைத் துளைத்துப் போகும்போது தேய்வது இதுதான். வெளிப்புறச் செல்கள் உதிர உதிர, உள்ளிருந்து புதுச் செல்கள் வந்து சேரும். மக்காச்சோளம் போன்ற செடியில் ஒரே வேர்நுனியிலிருந்து ஒரு நாளில் ஆயிரக்கணக்கான செல்கள் இப்படி உதிர்கின்றன. கூடவே வழவழப்பான ஒரு பசையும் சுரக்கிறது. முளைவிட்ட விதையின் வேர் நுனியை விரலால் தொட்டால் லேசாக வழுக்கும், அந்தப் பசைதான். உரசலைக் குறைப்பது அதன் முதல் வேலை. உதிர்ந்த செல்களும் அதில் கலந்திருப்பதால், வேரைச் சுற்றியுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் மொய்ப்பதற்கும் அது காரணமாகிறது.

வேர்மூடிக்கு உடனே பின்னால் இருப்பது ஆக்குத்திசு. செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும் இடம். இங்குள்ள செல்கள் சின்னஞ்சிறியவை, மெல்லிய சுவர் கொண்டவை, ஒன்றையொன்று நெருக்கி அடுக்கியவை. முன்பக்கம் தள்ளப்படும் செல்கள் வேர்மூடிக்குப் போகும். பின்பக்கம் தங்குபவை வேரின் உடலாகும். இதன் நடுவில் ஒரு விசித்திரம் உண்டு. சுற்றிலும் செல்கள் பரபரப்பாகப் பிரிந்துகொண்டிருக்க, மையத்தில் மட்டும் ஒரு சிறு கூட்டம் ஏறத்தாழ சும்மா இருக்கும். இந்த ஓய்வு மையத்தை 1950களில் கவனித்துச் சொன்னவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் கிளௌஸ். சும்மா இருப்பதற்கும் ஒரு பயன் இருக்கிறது. சுற்றியுள்ள செல்கள் கதிர்வீச்சாலோ வேறு காரணத்தாலோ அழிந்தால், இங்குள்ளவை விழித்துக்கொண்டு பிரிந்து நுனியை மறுபடி கட்டித் தருகின்றன. சாதாரண நாட்களில், பக்கத்துச் செல்கள் முதிர்ந்துவிடாமல் தொடர்ந்து பிரிந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இவைதான்.

அதற்கும் பின்னால் வருவது நீட்சிப் பகுதி. மைக்கோடுகள் விலகியது இங்கேதான். பலரும் செல்கள் எண்ணிக்கையில் கூடுவதுதான் வளர்ச்சி என்று நினைக்கிறார்கள். எண்ணிக்கை கூடுவது ஆக்குத்திசுவில் நடக்கிறது. அதனால் மட்டும் வேர் அதிகம் நீண்டுவிடாது. நீளத்தின் பெரும்பங்கு, ஏற்கெனவே பிறந்த செல்கள் ஒவ்வொன்றும் பத்து மடங்கும் அதற்கு மேலும் நீள்வதால் வருவது. செல்லுக்குள் உப்புகளும் சர்க்கரையும் சேரச் சேரத் தண்ணீர் உள்ளே புகும். உள்ளிருக்கும் நுண்குமிழ்கள் நீரால் நிறைந்து ஒன்றுகூடும். அதே நேரம் செல்சுவர் சற்று இளகிக் கொடுக்கும். சுவரில் உள்ள செல்லுலோஸ் இழைகள் குறுக்குவாட்டில் சுற்றியிருப்பதால் செல்லால் பக்கவாட்டில் அவ்வளவாகப் பருக்க முடியாது, நீளத்தான் முடியும். அந்த அழுத்தம்தான் நுனியை மண்ணுக்குள் தள்ளுகிறது. பல பயிர்களில் வேர்நுனி தரும் உச்ச அழுத்தம் 0.5 மெகாபாஸ்கலை ஒட்டி அளக்கப்பட்டிருக்கிறது. கார் டயருக்குள் அடைத்த காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிபோல் மெலிந்த ஒரு வெள்ளை நுனியிலிருந்து!

அதற்காக வேர் எதையும் துளைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இறுகிய மண்ணில் நுனி திணறிப்போய், நீள்வது குறைந்து தடிக்கத் தொடங்கும். பழைய வேர் மக்கிப்போன தடம், மண்புழு போன வழி, மண்கட்டிகளுக்கு நடுவே உள்ள விரிசல் என்று சுலபமான வழியைப் பிடித்துத்தான் வேர்கள் பெரும்பாலும் இறங்குகின்றன. பாறையைப் பிளந்த வேரை எல்லோரும் வியந்து பார்க்கிறோம். அங்கேயும் முதலில் மெல்லிய நுனி ஏற்கெனவே இருந்த விரிசலுக்குள் நுழைகிறது; அப்புறம் ஆண்டுக்கணக்கில் பருத்துப் பருத்து அதை அகலமாக்குகிறது.

கீழே எது என்று வேருக்கு எப்படித் தெரிகிறது

விதையைத் தலைகீழாகப் போட்டாலும் வேர் வளைந்து கீழேதான் போகும். மண்ணின் ஈரத்தைத் தேடியா, இருட்டைத் தேடியா, எடையின் இழுப்பாலா என்று வெகுகாலம் குழப்பம் இருந்தது. 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு அழகான சோதனை செய்தார். ஓடும் நீரால் சுழலும் ஒரு சக்கரத்தின் விளிம்பில், முளைக்கும் அவரை விதைகளை எல்லாத் திசையிலும் பார்க்கும்படி கட்டிவிட்டார். சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருந்தது. சில நாளில் வேர்கள் எல்லாம் சக்கரத்தின் மையத்தைவிட்டு வெளிப்பக்கம் நீண்டன. தண்டுகள் மையத்தை நோக்கி வளர்ந்தன. சுழற்சியால் எழும் விசை எந்தப் பக்கம் தள்ளியதோ, அதுவே வேருக்குக் "கீழே" ஆகிவிட்டது. ஆக வேர் உணர்வது விசையை என்பது உறுதியானது.

அந்த உணர்வு எங்கே இருக்கிறது? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட ஆய்வில், வேரின் நுனியைச் சீவிவிட்டால் வளைவது நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். வளைவது நீட்சிப் பகுதி, உணர்வது நுனி. கீழ்நிலை விலங்குகளின் மூளை செய்யும் வேலையை வேர்நுனி செய்கிறது என்றுகூட எழுதினார்கள். அது கொஞ்சம் மிகை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் உணரும் இடமும் வளையும் இடமும் வேறு வேறு என்ற அவர்களின் முடிவு இன்றுவரை நிற்கிறது.

வேர்மூடியின் நடுச்செல்களில் மாவுமணிகள் இருக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் மற்றப் பொருட்களைவிட எடை அதிகமானவை, அதனால் அடியில் போய்ப் படிகின்றன. செடியைப் படுக்கவைத்தால் சில நிமிடங்களில் அவை புதிய அடிப்பக்கத்துக்கு உருண்டு சேரும். உடனே ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் வேரின் கீழ்ப்பக்கமாக அதிகம் அனுப்பப்படுகிறது. தண்டில் ஆக்சின் கூடினால் செல்கள் அதிகம் நீளும். வேரில் தலைகீழ்: அதே அளவு ஆக்சின் நீட்சியைத் தடுக்கும். கீழ்ப்பக்கம் மெதுவாக, மேல்பக்கம் வேகமாக நீள, வேர் கீழ்நோக்கி வளைகிறது. வேர்மூடியை மட்டும் நுட்பமாகக் கழற்றி எடுத்தால் வேர் தொடர்ந்து வளரும், ஆனால் திசை தெரியாமல் போகும். புது மூடி முளைத்ததும் மறுபடி கீழே திரும்பும்.

ஈரத்தையும் வேர் உணர்கிறது, ஆனால் நாம் நினைக்கும் தூரத்திலிருந்து இல்லை. "வேர் தண்ணீரைத் தேடிப் போகும்" என்று சொல்வது வழக்கம். பத்தடி தள்ளியிருக்கும் தண்ணீரை மோப்பம் பிடிக்கும் ஆற்றல் எந்த வேருக்கும் கிடையாது. நுனியின் இரு பக்கத்துக்கும் இடையே ஈரம் வேறுபட்டால் ஈரப்பக்கம் வளையும், அவ்வளவுதான். மற்றபடி நடப்பது இது: வேர்கள் பல திசையிலும் கிளைத்துப் போகின்றன, வறண்ட பக்கம் போனவை தேங்கி நிற்கின்றன, ஈரமும் சத்தும் கண்டவை செழித்து மேலும் கிளைக்கின்றன. குழாய் கசியும் இடத்தில் வேர் பின்னிக் கிடப்பதைத் தோண்டிப் பார்க்கிறவருக்கு அது தேடி வந்ததுபோலத்தான் தெரியும்.

தூவிகள்

நீட்சிப் பகுதி முடிந்து, செல்கள் இனி நீள்வதில்லை என்று நின்றுவிட்ட இடத்தில் வேர்த்தூவிகள் தொடங்குகின்றன. ஈரத்துணியில் முளைத்த முள்ளங்கி விதையைக் கருப்புத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். நுனியில் சிறிது தூரம் வழவழவென்று வெறுமையாக இருக்கும், அதற்குப் பின்னால் வெண்பஞ்சு சுற்றியதுபோல் தெரியும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்து விதையைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. அவைதான் தூவிகள். ஒவ்வொரு தூவியும் தனிச் செல் கிடையாது. வேரின் மேல்தோல் செல் ஒன்று தன் உடலிலிருந்தே வெளியே நீட்டிய விரல் அது. நீளம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி, பெரும்பாலும் அதற்கும் குறைவு. தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. நீளும் பகுதியில் தூவி இல்லாததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். இருந்தால் மண்ணில் சிக்கி அறுந்துபோகும்.

மண்ணிலிருந்து ஒரு இளஞ்செடியை மெதுவாக எடுத்துத் தட்டினால், நுனி சுத்தமாக இருக்கும். சற்றுப் பின்னால் மட்டும் மண் உறைபோல் ஒட்டிக்கொண்டு வரும். தூவிகள் மண்துகள்களைச் சுற்றிப் பிடித்திருப்பதன் அடையாளம் அது. நுனி முன்னேறுவதற்கு ஊன்றுகோலாக இருப்பதும் இந்தப் பிடிதான்.

தூவிகளால் கிடைக்கும் பரப்பு எவ்வளவு? 1937இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கர், ரை என்ற தானியப் பயிரின் ஒரே செடியை நான்கு மாதம் ஒரு மரப்பெட்டியில் வளர்த்தார். பெட்டி இரண்டு கன அடிக்கும் குறைவு. மண்ணைக் கழுவி வேர்களை எடுத்து, மாதிரிகளை அளந்து பெருக்கிக் கணக்கிட்டார். அந்த ஒரு செடியின் வேர்களை நேராக இணைத்தால் சுமார் 620 கிலோமீட்டர். தூவிகள் சுமார் 1,400 கோடி. அவற்றின் மொத்த நீளம் 10,000 கிலோமீட்டருக்கு மேல். சராசரி போட்டால் நாளொன்றுக்குப் பத்துக் கோடித் தூவிகளுக்கு மேல் முளைத்திருக்கின்றன. மாதிரியிலிருந்து பெருக்கிய கணக்கு என்பதால் கடைசி இலக்கம்வரை நம்பத் தேவையில்லை; ஆனால் அளவின் வீச்சு புரிகிறது.

தூவியின் ஆயுள் குறைவு. பல செடிகளில் சில நாள், கூடிப்போனால் சில வாரம். நுனி முன்னேற முன்னேறப் பின்னால் உள்ளவை சாகும், முன்னால் புதியவை முளைக்கும். ஆகவே உறிஞ்சும் இடம் வேரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாற்றைப் பிடுங்கும்போது மண்ணோடு போவது இந்தத் தூவிகளும் நுண்ணிய நுனிகளும்தான். கையில் வேர் நிறைய இருப்பதுபோல் தெரியும், ஆனால் குடிக்கும் பகுதி மண்ணிலேயே தங்கிவிட்டது. இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். செடி வாடாமல் என்ன செய்யும்? மண்கட்டியோடு எடுத்து நடுவது, மாலையில் நடுவது, சில இலைகளைக் கிள்ளிவிடுவது எல்லாம், புதுத் தூவிகள் வரும்வரை செலவைக் குறைக்கும் ஏற்பாடுகள்.

உள்ளே போகும் வழி

தூவிப் பகுதியில் வேரைக் குறுக்கே வெட்டினால் வெளியே மேல்தோல், அதற்குள் அகலமான புறணி, அதற்குள் அகத்தோல் என்ற ஒற்றை அடுக்கு, அதற்கும் உள்ளே பெரிசைக்கிள் என்ற மெல்லிய அடுக்கு, நடுவில் குழாய்கள். புறணி தளர்வாக அடுக்கப்பட்ட செல்களால் ஆனது, இடையில் காற்றிடைவெளிகள் நிறைய. உணவும் அதில் சேமிக்கப்படும். குழாய்களில் இரண்டு வகை. சைலம் நீரையும் தாதுக்களையும் மேலே கொண்டு போகிறது, புளோயம் இலையில் செய்த சர்க்கரையைக் கீழே கொண்டு வருகிறது. தண்டில் இரண்டும் ஒரே கற்றையில் சேர்ந்திருக்கும். வேரில் சைலம் நட்சத்திரம்போல் கைகளை நீட்ட, அந்தக் கைகளுக்கு இடையில் புளோயம் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். இருவித்திலைச் செடிகளில் சைலத்தின் கைகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு. புல், சோளம் போன்ற ஒருவித்திலைகளில் அதைவிட நிறைய.

இதில் அகத்தோலைச் சற்று நின்று பார்க்கலாம். மண்ணீர் இரண்டு வழியில் உள்ளே வரலாம். ஒன்று, செல்லுக்குள் நுழைந்து செல்லிலிருந்து செல்லுக்குப் போவது. மற்றது, எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாமல் சுவர்களின் வழியாகவே ஊறிப் போவது. இரண்டாவது வழியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மண்ணில் கரைந்தது எதுவானாலும் வந்துவிடலாம். அகத்தோலில் அந்த வழி அடைபடுகிறது. அதன் செல்களுக்கு இடைப்பட்ட சுவர்களில், நீர் ஊடுருவாத லிக்னின் போன்ற பொருள் பட்டையாகப் பதிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஜெர்மானியர் ராபர்ட் காஸ்பாரியின் பெயரால் அதைக் காஸ்பேரியன் பட்டை என்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் ஒரு செல்லின் சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். சவ்வில் உள்ள புரதங்கள் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பிரிக்கின்றன. பொட்டாசியத்துக்கு ஒரு வாயில், நைட்ரேட்டுக்கு ஒரு வாயில் என்று தனித்தனி ஏற்பாடு. உள்ளே சேர்த்த தாதுக்கள் மறுபடி வெளியே கசிந்துவிடாமல் தடுப்பதும் இதே பட்டைதான்.

நீர் மேலே ஏறுவதற்கு முக்கியக் காரணம் இலைகள். அவற்றில் நீர் ஆவியாக ஆவியாக, குழாய்களில் உள்ள நீரிழை இழுபடுகிறது. இரவில் ஆவியாதல் நின்றுவிடும்போது, வேருக்குள் சேர்ந்த தாதுக்களால் நீர் உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளுவதும் உண்டு. காலையில் புல் இலைகளின் முனையில் நிற்கும் துளிகளில் ஒரு பகுதி பனி கிடையாது; இப்படி வேர் தள்ளி வெளியேற்றிய நீர்.

இளம் வேர் முதிரும்போது கேம்பியம் என்ற அடுக்கு உருவாகி உள்பக்கம் புது சைலத்தையும் வெளிப்பக்கம் புது புளோயத்தையும் சேர்க்கிறது. வேர் பருக்கிறது. புறணியும் மேல்தோலும் கிழிந்து உதிர, தக்கைப் பட்டை வந்து மூடுகிறது. அந்தக் கட்டத்துக்குப் பின் அந்த இடம் பெரிதாக நீரை உறிஞ்சாது. மரத்தைத் தாங்கும், சரக்கைக் கடத்தும், உணவைச் சேமிக்கும். கேரட், முள்ளங்கி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாம் இப்படிச் சேமிப்புக்காகப் பருத்த வேர்கள். உருளைக்கிழங்கும் இஞ்சியும் மண்ணுக்குள் இருந்தாலும் தண்டுதான். அவற்றில் மொட்டுகள் ஒழுங்கான இடத்தில் அமைந்திருக்கும்.

கேரட்டை நீளவாக்கில் நடுவே பிளந்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிறிய தண்டுபோல் ஒரு பகுதி, அது சைலம். அதைச் சுற்றி நிறம் அடர்ந்த பகுதி பெரும்பாலும் புளோயம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடுபோல் ஓடுவது கேம்பியம் இருக்கும் இடம். இன்னும் கூர்ந்து பார்த்தால், நடுப்பகுதியிலிருந்து குறுக்கே வெளித்தோல்வரை வெள்ளை இழைகள் சில போவது தெரியும். அந்த இழை தோலைத் தொடும் இடத்தில் வெளியே ஒரு சிறு குழிவும் அதில் மயிர்போல் ஒரு வேரும் இருக்கும். பக்கவேர் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கிளை விடுவதும் பரவுவதும்

தண்டில் கிளை என்பது வெளிப்புறத்தில் உள்ள மொட்டிலிருந்து வருவது. வேரில் மொட்டு கிடையாது. பக்கவேர் ஆழத்திலிருக்கும் பெரிசைக்கிளில் பிறக்கிறது. ஆக்சின் சேர்ந்த இடத்தில் அங்குள்ள சில செல்கள் மறுபடி பிரியத் தொடங்கும். சிறு கூம்பாக எழுந்து, தனக்கென்று ஆக்குத்திசுவும் வேர்மூடியும் அமைத்துக்கொண்டு, அகத்தோல், புறணி, மேல்தோல் மூன்றையும் விலக்கிக்கொண்டு வெளியே வரும். வழியில் உள்ள செல்கள் தங்களுக்கிடையேயான ஒட்டுப்பொருளை இளக்கி இடம் விடுகின்றன. உள்ளிருந்து வருவதால் புது வேரின் குழாய்கள் தாய்வேரின் குழாய்களோடு தொடக்கத்திலேயே இணைந்துவிடுகின்றன. வேர் நுனியைக் கிள்ளினால் அதற்குப் பின்னால் பக்கவேர்கள் அதிகம் கிளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலிலும் தொட்டிச்செடியிலும் வேரைக் கத்தரிப்பது இதை நம்பித்தான்.

சரி, இப்போது ஆணிவேருக்கு வரலாம். விதையிலிருந்து முதலில் வரும் முளைவேர் தொடர்ந்து வளர்ந்து முதன்மை வேராகவே நின்றால் ஆணிவேர்த் தொகுப்பு. அவரை, பருத்தி, மா போல. புல்வகைகளில் முளைவேர் பின்தங்கிப்போய், தண்டின் அடியிலிருந்து ஒரே பருமனில் ஏராளமான வேர்கள் கிளம்பும். அது சல்லிவேர்த் தொகுப்பு. இப்படி வேரல்லாத இடத்திலிருந்து பிறப்பவற்றை வேற்றிட வேர்கள் என்பார்கள். ஆலமரத்தின் விழுது, சோளத்தின் அடிக்கணுவில் வரும் முட்டுவேர், வெட்டி நட்ட போத்தில் வரும் வேர் எல்லாம் இந்த வகை. போத்தின் மேல்பகுதியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின், வெட்டுப்பட்ட இடத்துக்கு மேல் தேங்குவதால்தான் அங்கே வேர் விடுகிறது. வேர்விடச் செய்யும் பொடிகளில் இருப்பதும் ஆக்சின் வகைப் பொருளே.

மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும்? படங்களில் தரைக்கு மேலே உள்ள மரத்தின் பிம்பம்போலவே கீழேயும் வரைந்திருப்பார்கள். அந்தப் படம் தப்பு. பெரும்பாலான மரங்களில் வேர்களின் பெரும்பகுதி மேல் ஒரு மீட்டருக்குள் இருக்கிறது. உறிஞ்சும் நுண்வேர்கள் இன்னும் மேலாக, முதல் ஓரடிக்குள்ளேயே திரண்டிருக்கின்றன. பக்கவாட்டிலோ கிளைகளின் விரிவையும் தாண்டிப் போய்விடுகின்றன. அதனால்தான் பெரிய மரத்துக்கு அடிமரத்தை ஒட்டி நீரும் உரமும் கொட்டுவதில் பயன் குறைவு. அங்கே இருப்பவை பட்டை மூடிய பழைய வேர்கள். கிளைநுனிகளின் நிழல் விழும் வட்டத்திலும் அதற்கு அப்பாலும் கொடுத்தால்தான் குடிக்கும் நுனிகளுக்குப் போய்ச் சேரும்.

விதிவிலக்குகள் உண்டு, அதுவும் திகைக்கவைக்கும் அளவில். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது போஸ்கியா என்ற மரத்தின் வேர் 68 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டும்போது மெஸ்கீட் என்ற மரத்தின் வேர் 53 மீட்டரில் தென்பட்டது. வறண்ட நிலம், தளர்ந்த மண், வெகு ஆழத்தில் நீர் என்ற நிலைமைகள் சேரும்போது மட்டும் நடப்பது இது.

மற்ற மரங்கள் ஏன் மேலேயே நிற்கின்றன? பெரிய காரணம் காற்று. வேர்ச் செல்கள் சுவாசிக்கின்றன. தாதுக்களைச் சவ்வு வழியாக உள்ளே இழுப்பதற்கான ஆற்றல் ஆக்சிஜனை வைத்துத்தான் கிடைக்கிறது. ஆழம் போகப் போக ஆக்சிஜன் குறையும். மண்ணின் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்துவிட்டாலும் அதே கதி, ஏனென்றால் காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சு முட்டிய வேரில் நீர் நுழையும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன, நுனிகள் சாகத் தொடங்குகின்றன. சுற்றிலும் தண்ணீர் நிற்க, இலைகள் தொங்கிப்போகும். அதைக் கண்டு இன்னும் ஒரு வாளி ஊற்றுவது செடியைக் கொல்வதற்கு நிச்சயமான வழி.

நெல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் புறணியில் செல்கள் சில தாமாகவே செத்து, இலையிலிருந்து வேர்வரை தொடர்ச்சியான காற்றுப்பாதை உண்டாகிறது. சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களில் சில, வேர்களையே குச்சிகுச்சியாக மேல்நோக்கி நீட்டிக் காற்று வாங்குகின்றன.

கடைசியாக, வேரின் கூட்டாளிகள். பாஸ்பேட் மண்ணில் ஏறக்குறைய அசையாது. ஒரு தூவி தன்னைச் சுற்றியுள்ளதை உறிஞ்சி முடித்துவிட்டால், அந்த இடம் காலியாகவே கிடக்கும். தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் அதைத் தாண்டிச் சென்று பாஸ்பேட்டைக் கொண்டுவந்து வேரில் சேர்க்கின்றன. பதிலுக்குச் சர்க்கரை பெறுகின்றன. இந்தக் கூட்டுக்கு 1885இல் மைக்கோரைசா என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியரான ஃபிராங்க். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் துணை இருக்கிறது. இதற்கு வெளியே நிற்கும் சிலவற்றில் முட்டைக்கோஸ், கடுகு குடும்பம் முக்கியமானது.

அவரை, கடலை போன்றவற்றின் வேரில் முடிச்சு முடிச்சாக இருப்பது இன்னொரு கூட்டு. உள்ளே குடியிருப்பவை காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாக்கள். இவற்றை 1888இல் முதலில் பிரித்தெடுத்தவர் டச்சு நாட்டு பெய்ஜெரிங்க். பாக்டீரியா எங்கிருந்து உள்ளே நுழைகிறது என்று பார்த்தால், பெரும்பாலான பயறுவகைகளில் அதே வேர்த்தூவி வழியாகத்தான்: தூவி கொக்கிபோல் சுருண்டு பாக்டீரியாவை மடித்து உள்ளே வாங்குகிறது. நிலக்கடலை வேறு மாதிரி. அதில் பக்கவேர் தோலைக் கிழித்து வெளிவந்த இடத்தின் வெடிப்பு வழியாக நுழைகிறது. முடிச்சு வேலை செய்கிறதா என்று தெரிய ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் சேர்கிறது. அந்த நிறம் நம் ரத்தத்தில் உள்ளதற்கு உறவான, ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தால் வருவது. வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு அல்லது வேலை செய்யாதது. பச்சையோ பழுப்போ ஏறியிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.